குறைத்துக் கேட்பது குற்றமா?

வீட்டுக்கு விலை பேசுவது கௌரவமான மனிதனுக்கு அடுக்காது என்று ஒரு புதிய தர்மசாஸ்திரம் நம் மத்தியதர வர்க்கத்தில் சமீப காலமாக உலவி வருகிறது. இதை எந்த ரிஷி எழுதினார் என்று தெரியவில்லை. ஆனால் நாகர்கோவிலில் மாதச் சம்பளக்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் போய், "புதிதாகக் கட்டிய வீடு ஒன்று விலைக்கு நிற்கிறது, சொன்ன விலையில் 12 லட்சம் குறைத்துக் கேட்டிருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் சிரிப்பார். ஒருவர் பரிதாபமாகப் பார்ப்பார். மூன்றாமவர், "அப்படியெல்லாம் கேட்டால் நம்மை என்னவென்று நினைப்பான்?" என்று கேட்பார். நான்காமவர் வாய் திறக்கமாட்டார். அவர் சொன்ன விலையைக் கொடுத்து ஏற்கெனவே குடிபோனவராக இருப்பார்.

இவர்களுக்குப் பேரம் பேசத் தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். வடசேரி கனகமூலம் சந்தையில் இவர்களைப் பார்க்க வேண்டும். ஒரு சீப்பு மட்டிப்பழத்தைக் கையில் எடுத்து, முகர்ந்து, "இதற்கா இந்த விலை?" என்று கீழே வைத்து, பத்தடி நடந்து, கிழவி கூப்பிடுகிறாளா என்று காதைப் பின்னால் விட்டுக் காத்திருந்து, திரும்பி வந்து ஐந்து ரூபாய் குறைத்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் நேர்த்தியை நாடக மேடையில்கூடக் காண முடியாது. அதே மனிதர் 78 லட்ச ரூபாய்க்கு ஒரு வீட்டைப் பார்க்கப் போகும்போது சலவைச் சட்டை போட்டுக்கொள்கிறார். ஆள் குடியில்லாத வீட்டுக்கு வெளியே செருப்பைப் பயபக்தியோடு கழற்றி வைக்கிறார். சொன்ன விலைக்குத் தலையை ஆட்டிவிட்டு, கான்ட்ராக்டர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறார். பழத்தில் ஐந்து ரூபாய் போனால் ஏமாளி. வீட்டில் ஐந்து லட்சம் போனால் கௌரவஸ்தர்! இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?

இதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. நியாயமாக அதையும் சொல்லிவிடுகிறேன். நாஞ்சில் நாட்டில் வீடு பெரும்பாலும் சந்தைச் சரக்காக இருந்ததில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் வயல் கைமாறியது, தோப்பு கைமாறியது, உழவு மாடு கைமாறியது. வீடு மட்டும் பிதுரார்ஜிதமாக வரும். அல்லது மனிதன் தானே வெயிலில் நின்று கொத்தனாரோடும் ஆசாரியோடும் மல்லுக்கட்டிக் கட்டிக்கொள்வான். கவிமணி கேலி செய்து மான்மியம் பாடினாரே, அந்த மருமக்கள் வழிக் குடும்பங்களின் சண்டை இருக்கிற சொத்து யாருக்கு என்பது பற்றியது. 1926-ல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்த பிறகும் வீடுகள் பாகம் பிரிந்தன. விலைக்கு வந்தவை சொற்பம். கட்டி முடித்து, வர்ணம் பூசி, சாவியோடு விலைக்கு நிற்கும் புது வீட்டை நம் குடும்பங்களில் முதன்முதலாக வாங்கப் போகிறவனுக்கு யோசனை சொல்லப் பெரியவர் கிடையாது. மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த பாட்டா, சுவருக்கு எதைப் பிடித்துப் பார்ப்பது என்று சொல்லிவைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அனுபவம் இல்லாத இடத்தில் கூச்சம் வருவது இயற்கை. அந்தக் கூச்சத்துக்கு நாகரிகம் என்று பெயர் சூட்டி மாலை போடுவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். எதிர்க்கட்சியார் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் நியாயம்: ஒரே விலைதான் நாகரிக வியாபாரம், பேரம் நாட்டுப்புறத்து வழக்கம். இதில் பாதி உண்மை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற மதப் பிரிவினர், ஒரு விலையைச் சொல்லி வேறு விலைக்கு விற்பது பொய் பேசுவதற்குச் சமம் என்று கருதி, தங்கள் கடைகளில் ஒரே விலைதான் என்று வைத்தார்கள். குழந்தையை அனுப்பினாலும் அதே விலை, பிரபுவே வந்தாலும் அதே விலை. அது மிக உயர்ந்த தர்மம். நம் கதர்க்கடைகளிலும் அதை அனுபவித்திருக்கிறோம். ஆனால் அந்தத் தர்மத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: விலை எல்லோருக்கும் தெரிய எழுதியிருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் விலை அச்சிட்டிருக்கிறது. 2021 டிசம்பரில் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாயானபோது தேசம் முழுவதும் பத்திரிகைகள் அதைச் செய்தியாகப் போட்டன. பதினாலு வருஷத்துக்குப் பிறகு விலை ஏறுகிறது, இன்னின்ன மூலப்பொருள் ஏறியதால் ஏறுகிறது என்று உற்பத்தியாளர்கள் காரணம் சொன்னார்கள். ஒரு தீக்குச்சிக்கு இருக்கிற இந்த மரியாதை, மனிதன் இருபது வருஷச் சம்பாத்தியத்தைக் கொட்டி வாங்கும் வீட்டுக்கு இல்லை. ஒரே வரிசையில் ஒரே அச்சாகக் கட்டிய நாலு வீட்டில், வளைகுடாவிலிருந்து வந்தவனுக்கு ஒரு விலை, வாத்தியாருக்கு ஒரு விலை, மூன்று மாதம் கழித்து வந்தவனுக்கு வேறு விலை. வாயால் சொல்லி, ஆளைப் பார்த்து மாற்றிக்கொள்ளும் விலைக்கு ஒரே விலை என்ற மரியாதையை நாம் ஏன் தரவேண்டும்?

இரண்டாவது நியாயம்: சர்க்கார் மதிப்பே இவ்வளவு இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகும் குறைத்துக் கேட்கலாமா? வழிகாட்டி மதிப்பு என்பது பத்திரப் பதிவுக்குத் தீர்வை வசூலிக்க அரசாங்கம் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல். 2003-ல் டான்சி நில வழக்கில் உச்ச நீதிமன்றமே, அது பதிவு அதிகாரி முதல் பார்வைக்கு வைத்துக்கொள்ளும் கணக்கே தவிர, சந்தை விலைக்கு முடிவான அத்தாட்சி ஆகாது என்று கருதியது. அதைவிட நல்ல சாட்சி ஒன்று உண்டு. 2017 ஜூனில் தமிழ்நாடு அரசு வழிகாட்டி மதிப்பை ஒரே உத்தரவில் 33 சதவீதம் குறைத்தது. 2023 ஏப்ரலில் பழைய மதிப்பையே திரும்பக் கொண்டுவந்தது. காகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கிய அந்த மாதத்தில் நாகர்கோவிலில் எந்த வீடாவது மூன்றில் ஒரு பங்கு மலிந்ததா? இறங்கும்போது சந்தைக்குச் சம்பந்தமில்லாத மதிப்பு, ஏறும்போது மட்டும் வேதவாக்கு ஆகிவிடுமா? ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அரசு மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்த விலைக்கு வாங்கினால், அந்த வித்தியாசத்தை வாங்கியவரின் வருமானமாக எண்ணி வரி போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்பவன் தன் தரை எது என்று தெரிந்துகொண்டு கேட்கவேண்டும்.

மூன்றாவது நியாயம்: கடன் கொடுக்கிற வங்கியே மதிப்பீட்டாளரை அனுப்பிப் பார்த்துவிட்டதே! பார்த்தது நிஜம். யாருக்காகப் பார்த்தார்? கடன் நின்றுபோனால் இந்த வீட்டை விற்று வங்கிக்குப் பணம் திரும்புமா என்பதே அவருடைய கேள்வி. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனாக இருந்தால் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. விலையில் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் சொந்தக் கைப்பணம். விலை அதிகமாகிவிட்டால் முதலில் கரைவது அந்த ஐந்தில் ஒரு பங்குதான். வங்கி கவலைப்படாமல் தூங்குவதற்கு உங்கள் கைப்பணம் தலையணையாகக் கிடக்கிறது. அந்தத் தலையணையைக் காட்டி, "பார், வங்கியே தூங்குகிறது, உனக்கென்ன கவலை?" என்று கேட்பது வேடிக்கை.

கடன் இன்னொரு மாயத்தையும் செய்கிறது. லட்சத்தின் கனத்தை அது மறைத்துவிடுகிறது. "ஒரு லட்சந்தானே சார், மாதத் தவணையில் தெரியவே தெரியாது" என்பார்கள். 8.5 சதவீத வட்டி, 20 வருஷத் தவணை என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய். 240 மாதம் கட்டி முடிக்கும்போது அந்த ஒரு லட்சம் 2 லட்சத்து 8 ஆயிரம் ஆகியிருக்கும். தனி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக அதிகப்படி கொடுத்த ஒவ்வொரு லட்சத்துக்கும் சர்க்காருக்கு 9,000 ரூபாய் காணிக்கை வேறு. கூச்சத்தின் விலை இது. மாதா மாதம் முதல் தேதியன்று கட்டவேண்டிய கூச்சம்.

நான்காவது நியாயம் கொஞ்சம் உருக்கமானது: விலையைக் குறைத்தால் கொத்தனார் கூலியில் கை வைப்பார்கள், ஏழை வயிற்றில் அடிக்கலாமா? கட்டி முடித்து வர்ணம் பூசிய வீட்டில் கொத்தனார், சித்தாள், தச்சர், எல்லோருடைய கூலியும் கொடுத்து முடிந்த கணக்கு. நீங்கள் எவ்வளவு அதிகம் கொடுத்தாலும் அதில் ஒரு காசு அந்தச் சித்தாளைத் தேடிப் போகப் போவதில்லை. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு மட்டும் இந்தப் பயம் நியாயமானது. அங்கே குறைத்த பணத்தைக் கம்பியிலும் சிமென்ட்டிலும் பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஆகையால் அங்கே விலையைப் பேசுவதற்கு முன்னால் கம்பி எத்தனை மில்லிமீட்டர், மரம் என்ன மரம், தரை என்ன தரை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவேண்டும்.

இனி ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன். என் தங்கை மகன் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி நர்ஸ். வாடகை வீட்டில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, நாகர்கோவிலை ஒட்டி வயலை மண் போட்டு நிரப்பிப் பிரித்த ஒரு புதுக் குடியிருப்பில் வீடு பார்த்தார்கள். 5 சென்ட் நிலம், 1,600 சதுர அடிக் கட்டடம், விலை 78 லட்சம். துணைக்கு என்னையும் அழைத்துப் போனான். போகும் வழியெல்லாம் அவன் மனைவிக்குத்தான் கவலை: "மாமா, இவ்வளவு குறைச்சுக் கேட்டா அவரு சங்கடப்பட மாட்டாரா?"

பையன் ஒரு தாளில் கணக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தான். அந்தப் பகுதியில் நிலம் வாங்கிய மூன்று பேரைத் தேடிப் பிடித்து விசாரித்ததில் சென்ட் 5 லட்சம் என்று தெரிந்தது. நிலத்துக்கு 25 லட்சம். இரண்டு என்ஜினியர்களைக் கேட்டதில் அந்தத் தரத்துக் கட்டடத்துக்குச் சதுர அடி 2,200 ரூபாய். கட்டடத்துக்கு 35 லட்சத்து 20 ஆயிரம். இரண்டும் சேர்ந்து 60 லட்சத்து 20 ஆயிரம். அதன்மேல் கட்டினவருக்கு நூற்றுக்குப் பத்து லாபம். 66 லட்சம் தருவதாகச் சொன்னான்.

கான்ட்ராக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "சார், இது கத்தரிக்கா யாவாரம் இல்ல. படிச்ச ஆளா இருக்கீங்க..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லப்படாதா?" என்றார்.

பையன் கோபப்படவில்லை. "கத்தரிக்காயா இருந்தா கையில எடுத்துப் பாத்திருப்பேன் அண்ணாச்சி. இது எடுத்துப் பாக்க முடியாத சாமான். அதான் தாள்ல எழுதிக்கிட்டு வந்திருக்கேன். எந்த வரி தப்புன்னு நீங்க சொல்லுங்க, கூட்டிப் போட்டுக்கிடுதேன்" என்றான்.

அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த மனிதர் வேறு ஆளாகிவிட்டார். தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். வயலை நிரப்பிய மண் என்பதால் அஸ்திவாரத்தைச் சாதாரண ஆழத்தைவிட அதிகம் தோண்டி எழுப்பியதாகவும், மூன்று லட்சம் மண்ணுக்குள்ளே கிடக்கிறது என்றும் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் கம்பி வாங்கிய பில்லையும் காட்டினார். பையன் அங்கேயே மூன்று லட்சத்தைக் கூட்டினான். பிறகு அவன் வடமேற்குச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே இருந்த ஈரக் கோட்டைக் காட்டினான். நம் ஜில்லாவுக்கு ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் ஒரு மழைக்காலம். இரண்டையும் பூட்டிக் கிடந்து பார்த்த வீடு தன் குறையைச் சுவரில் எழுதி வைத்துவிடும். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

அன்று முடியவில்லை. மூன்று வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். விற்காமல் நிற்கும் வீடு கட்டினவனுக்கு மாதா மாதம் வட்டி தின்னும் யானை என்பதை வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். முதலில் அவர் விலைக்குப் பதிலாகச் சமையலறை அலமாரிகளும் தண்ணீர் சுடவைக்கும் கருவியும் தருவதாகச் சொன்னார். அதற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் இன்னும் மூன்று வீடு விற்கவேண்டும். அலமாரி கொடுத்தது வெளியே தெரியாது, விலை குறைந்தது தெரிந்துவிடும். பையன் அலமாரி வேண்டாம் என்றான். 71 லட்சத்தில் முடிந்தது. 7 லட்சம் மிச்சம். மேலே சொன்ன கணக்குப்படி மாதம் 6,075 ரூபாய். 20 வருஷத்தில் ஏறக்குறைய 14 லட்சத்து 58 ஆயிரம். யாருடைய கௌரவமும் குறைந்துபோகவில்லை. பால் காய்ச்சிய அன்று கான்ட்ராக்டர் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இந்தக் கதையை நான் சாமர்த்தியத்தின் புகழ் பாடுவதற்காகச் சொல்லவில்லை. குறைத்துக் கேட்பதில் இரண்டு ஜாதி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பாதி விலை கேட்கும் முரட்டுப் பேரத்துக்கு நான் வக்கீல் இல்லை. 1970-ல் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சரக்கின் குணம் விற்பவனுக்கு மட்டும் தெரிந்து வாங்குகிறவனுக்குத் தெரியாமல் இருந்தால், வாங்குகிறவன் பயந்து எல்லாச் சரக்குக்கும் குறைத்தே கேட்பான். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல சரக்கு வைத்திருப்பவன் சந்தையை விட்டே போய்விடுவான். மோசமான சரக்கு மட்டும் மிஞ்சும் என்பது அவர் கண்ட உண்மை. நம் ஊரில் அஸ்திவாரத்தை ஆழமாகத் தோண்டுகிற யோக்கியனைக் காப்பாற்ற ஒரே வழி, காரணத்தோடு குறைத்துக் கேட்பது. காரணம் சொல்லிக் கேட்டால் அவன் பதில் சொல்லலாம், பில்லைக் காட்டலாம், விலையை ஏற்றிக்கொள்ளலாம். கேட்காமலே கொடுத்துவிடுகிறவன் யோக்கியனுக்கும் அயோக்கியனுக்கும் ஒரே கூலி கொடுத்து, யோக்கியமாக இருப்பதை நஷ்டமாக்கிவிடுகிறான். சொன்ன விலைக்கு வாங்குவது பெருந்தன்மை என்று நினைக்கிறவர்கள் இதைச் சற்று யோசிக்கவேண்டும்.

சட்டம் நம்மைக் காப்பாற்றாதா என்று கேட்கலாம். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நல்ல சட்டம். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்றது. கட்டடத்தில் குறை தெரிந்தால் ஐந்து வருஷம்வரை கட்டினவரே பொறுப்பு என்றது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் கட்டுவதற்கும், எட்டு வீட்டுக்கு மேற்படாமல் கட்டுவதற்கும் பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் நம் கணக்கில் பன்னிரண்டே கால் சென்டுக்குச் சற்று அதிகம். நம் பக்கத்துக் கான்ட்ராக்டர் பத்து சென்ட் வாங்கி இரண்டு வீடு கட்டி விற்கிறாரே, அவருக்கு இந்தச் சட்டத்தில் பதிவு வேண்டியதில்லை. அங்கே வாங்குகிறவனுக்குத் துணை அவன் கண்ணும் வாயுந்தான். அந்த வாயையும் கௌரவத்தின் பேரால் தைத்துவிட்டால் என்ன மிச்சம்?

இனி விஷயத்தின் அடிவேருக்கு வருகிறேன். என் மருமகன் நில விலையைத் தெரிந்துகொள்ள மூன்று பேர் வீட்டுக்கு ஏன் நடக்கவேண்டியிருந்தது? வில்லங்கச் சான்று இருக்கிறது. பதிவுத் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு கிரயத்துக்கும் எதிரே கைமாற்றுத் தொகை என்று ஒரு கலம் உண்டு. அவன் அதையும் பார்த்தான். அந்தத் தெருவில் பதிவான கிரயங்களில் பலவும் வழிகாட்டி மதிப்புக்கு ஒட்டினாற்போல இருந்தன. அத்தனையும் பொய். பொய் எழுதியவர்கள் யாரோ கொள்ளைக்காரர்கள் இல்லை. உங்களையும் என்னையும் போன்றவர்கள், காலையில் நாகராஜா கோயிலுக்குப் போய்விட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தவர்கள்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியாது. நம் பாட்டன்மாரின் அந்தத் துண்டை நாம் கேலி செய்கிறோம். நாம் போட்டிருக்கும் துண்டு அதைவிடப் பெரியது, முத்திரைத்தாளால் நெய்தது. என் மருமகனிடமும் கடைசியில் அந்தத் துண்டைத்தான் நீட்டினார்கள்: "71-க்கு முடிச்சாச்சு, பத்திரத்துல 45 போட்டுக்கிடுவோம், மீதியை ரொக்கமாத் தந்திருங்க." மறைத்த 26 லட்சத்துக்குத் தீர்வையும் கட்டணமுமாக 2 லட்சத்து 34 ஆயிரம் மிச்சமாகுமாம். இதற்குப் பெயர் சலுகை! நிலம், வீடு கைமாறும்போது 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது 2015 ஜூன் முதல் சட்டப்படி தடை. வாங்கினவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அது அவர் பாடு. வாங்குகிறவன் பாடு என்ன? 45 லட்சம் என்று எழுதிய வீட்டுக்கு 71 லட்சத்தின் கணக்கில் கடன் கிடைக்காது. மனைவியின் நகை அடகுக்குப் போகும். நாளைக்கு விற்கும்போது வாங்கிய விலை 45 என்று ஆகி, வராத லாபத்துக்கு வரி கட்டவேண்டும். பையன் முழு விலையையும் எழுதச் சொன்னான், எழுதினார்கள். அந்தத் தெருவின் வில்லங்கச் சான்றில் இன்று அந்த ஒரு வரிதான் தைரியமாக மெய் பேசுகிறது.

ஒன்பது சதவீதம் அதிகம் என்பதில் எனக்கும் சண்டை இல்லை. குறைக்கச் சொல்லி அரசாங்கத்திடம் சத்தம் போடுவோம். ஆனால் அந்தக் கோபத்தில் நாம் எழுதும் பொய்யால் கெடுவது அரசாங்கம் மட்டுமல்ல. அடுத்த வருஷம் அதே தெருவில் முதல் வீடு வாங்கவரும் ஒரு இளைஞன் கெடுகிறான். அவனுக்கு வழிகாட்டவேண்டிய ஒரே பொதுச் சாட்சியை நாம் முன்கூட்டியே ஊமையாக்கிவிட்டோம். விலை எது என்று தெரியாத இருட்டில் அவனை நிறுத்திவிட்டு, குறைத்துக் கேட்டால் அநாகரிகம் என்று உபதேசமும் செய்கிறோம். இருட்டை உண்டாக்கியவர்களே, தடவிப் பார்க்கிறவனைப் பார்த்துச் சிரிப்பது என்ன நியாயம்?

ஆகவே முதல் வீடு வாங்கப் போகிற இளைய தலைமுறைக்கு என் வேண்டுகோள் இது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய் வீட்டைப் பாருங்கள். நிலத்தின் பூர்வோத்தரத்தைக் கேளுங்கள். நேற்றுவரை நெல் விளைந்த நிலமா என்று பக்கத்துக் கிழவரைக் கேட்டால் சொல்லிவிடுவார். கணக்கை எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் விலையைத் தலை நிமிர்ந்து ஒரு தடவை சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். பதில் நியாயமாக இருந்தால் கூட்டிக் கொடுங்கள். பதிலுக்குப் பதிலாகக் கோபம் வந்தால், நல்ல வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். வேறு வீடு வரும்.

ஏற்கெனவே வாங்கிக் குடிபோனவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. யாராவது ஒரு பையன் வாசலில் வந்து நின்று, "நீங்க என்ன வெலைக்கு வாங்கினீங்க?" என்று கேட்டால் மழுப்பாதீர்கள். கொடுத்த தொகையைக் கொடுத்தபடி சொல்லுங்கள். உங்களுக்கு யாரும் அந்த உபகாரத்தைச் செய்யவில்லை என்பது மெய்தான். அந்த வழக்கம் உங்களோடு முடியட்டும்.